மீனுக்கு அளவும் எண்ணிக்கையும் வரையறுப்பது எப்படி? ஸ்ட்ரைப்ட் பாஸ் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

பதினெட்டே முக்கால் அங்குலம். ஜூன் மாதத்து விடிகாலை, அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நண்பரின் படகில் இருந்தோம். ஈரத் துணியால் நனைத்த அளவுப்பலகையில் மீனைக் கிடத்தி, மூக்கை முனையில் முட்ட வைத்து, வாலின் இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தோம். பத்தொன்பதைத் தொடவில்லை. விரிகுடாவை ஒட்டிய மேரிலாந்து மாநிலத்தில் ஸ்ட்ரைப்ட் பாஸ் 19 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் விட்டுவிட வேண்டும். தண்ணீருக்குள் தலையை இறக்கி, வாலடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செவுள் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது. பக்கவாட்டில் ஓடும் ஏழெட்டுக் கருங்கோடுகள் மெல்ல அசைந்து, பச்சைத் தண்ணீருக்குள் மறைந்தன.

அந்த 19 எங்கிருந்து வந்தது? 18 ஏன் இல்லை, 20 ஏன் இல்லை? ஒரு மாநிலம் இப்படி ஒரு எண்ணை எப்படி முடிவு செய்கிறது என்பதைப் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். மீன்வளம் படிக்கும் மாணவர்களுக்கும், சங்கங்களில் இருந்துகொண்டு "நம்ம கடலுக்கும் ஒரு விதி வேண்டும்" என்று கேட்பவர்களுக்கும் இது உதவும். ஸ்ட்ரைப்ட் பாஸை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. இந்த மீன் ஒரு தடவை அழிவின் விளிம்புக்குப் போய், விதிகளால் மீண்டு, பிறகு மறுபடியும் சரிந்தது. மூன்று கட்டமும் பதிவாகியிருக்கின்றன.

தொடங்கும் முன் ஒன்று. எந்த மீன் சாகலாம் என்பதை அளவு விதி சொல்கிறது. எத்தனை சாகலாம் என்பதை எண்ணிக்கை விதி சொல்கிறது. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் மற்றதன் வழியாக மீன் கசிந்துவிடும். கீழே வரும் எல்லாப் படிகளிலும் இதை மனதில் வையுங்கள்.

படி 1: மீனின் வாழ்க்கையைப் படியுங்கள்

ஸ்ட்ரைப்ட் பாஸ் கடலில் வாழும், ஆனால் ஆற்றில் முட்டையிடும். வசந்த காலத்தில் நன்னீருக்குள் ஏறி வரும். அட்லாண்டிக் கரையோரக் கூட்டத்தின் பெரும்பகுதிக்குத் தாய்வீடு செசபீக் விரிகுடாவும் அதில் வந்து சேரும் ஆறுகளும்தான். ஹட்சன், டெலவேர் ஆறுகளும் உண்டு. ஆண்மீன் இரண்டு மூன்று வயதில் முதிர்ந்துவிடும். பெண்மீனுக்கு நான்கிலிருந்து எட்டு வயது வரை ஆகும். ஆறு வயதுப் பெண்மீன் சுமார் 5 லட்சம் முட்டையிட்டால், பதினைந்து வயதானது 30 லட்சம் இடும். முப்பது வருடம் வரை வாழக்கூடிய மீன் இது.

இந்த நாலு வரியிலேயே பாதி விதி இருக்கிறது. பெண் தாமதமாக முதிர்கிறது என்றால் கீழ் வரம்பு உயரமாக இருக்க வேண்டும். வயதான பெண் பல மடங்கு முட்டையிடுகிறது என்றால் பெரிய மீனையும் காப்பாற்ற வேண்டும், அதாவது மேல் வரம்பும் தேவை. பெண்கள் வளர வளர விரிகுடாவை விட்டுக் கடலுக்குப் போய்விடுகின்றன. உள்ளேயே தங்குபவற்றில் ஆண்களே அதிகம். அதனால் விரிகுடாவுக்கு ஒரு அளவு, வெளிக்கடலுக்கு வேறு அளவு. அடுத்த கரையின் அட்டவணையை அப்படியே நகலெடுத்து ஒட்டும் விதிகள் தோற்பதற்கு முதல் காரணம் இந்தப் படியைத் தாண்டிப் போவதுதான்.

படி 2: யாருடைய தண்ணீர் என்று பாருங்கள்

அமெரிக்காவில் கரையிலிருந்து பெரும்பாலும் 3 மைல் வரை மாநிலத்தின் அதிகாரம். அதற்கப்பால் மத்திய அரசு. 1990 முதல் அந்த வெளிக்கடலில் ஸ்ட்ரைப்ட் பாஸ் பிடிக்கவே கூடாது. ஆனால் மீன் வட கரோலினாவுக்கும் மெய்னுக்கும் இடையே போய் வருகிறது. ஒரு மாநிலம் காப்பாற்றியதை அடுத்த மாநிலம் பிடித்துவிட்டால் என்ன பலன்?

அதற்குத்தான் 1942-இல் தொடங்கிய அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம். மாநிலங்கள் கூடிப் பேசி ஒரு பொதுத் திட்டம் போடும், ஒவ்வொரு மாநிலமும் அதைத் தன் சட்டமாக்கும். 1981-இல் ஸ்ட்ரைப்ட் பாஸுக்கு முதல் திட்டம் வந்தபோது அதை நடைமுறைப்படுத்தும் கட்டாயம் யாருக்கும் இல்லை. 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. திட்டத்தைப் பின்பற்றாத மாநிலத்தின் தண்ணீரில் இந்த மீனைப் பிடிப்பதையே மத்திய வணிகத் துறை அமைச்சர் நிறுத்திவிடலாம். அதற்குப் பிறகு மாநிலங்கள் வழிக்கு வந்தன.

நம் ஊரில் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநிலத்தின் அதிகாரம். ஆனால் சாளை மீனுக்குக் கேரளம், தமிழ்நாடு என்ற எல்லை தெரியாது. அந்தச் சிக்கல் இங்கேயும் இருக்கிறது.

படி 3: எண்ணுங்கள். நம்பும்படி எண்ணுங்கள்

மூன்று கணக்குகள் வேண்டும்: எத்தனை குஞ்சு பிறக்கிறது, எத்தனை முதிர்ந்த மீன் இருக்கிறது, எத்தனை சாகிறது.

குஞ்சுக் கணக்கை மேரிலாந்து 1954-லிருந்து எடுத்துவருகிறது. முறை மிக எளிது, நம் கரைவலை மாதிரிதான். முட்டையிடும் நான்கு ஆற்றுப் பகுதிகளில் 22 இடங்கள். கோடையில் மூன்று முறை போவார்கள். 100 அடி நீள வலையை ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை இழுப்பார்கள். ஆக 132 இழுப்பு. ஒரு இழுப்புக்குச் சராசரியாக எத்தனை ஸ்ட்ரைப்ட் பாஸ் குஞ்சு என்பதுதான் அந்த வருடத்தின் எண். அதே இடம், அதே வலை, அதே மாதங்கள் என்பதுதான் இதன் பலம். வருடத்துக்கு வருடம் வலையை மாற்றினால் கணக்கு குப்பை.

நீண்டகாலச் சராசரி 11 அளவில் இருக்கிறது. 1996-இல் 59.4. 2015-இல் 24.2. 2023-இல் 1.0. இந்த மூன்று எண்களையும் நான் முதலில் ஒரே பக்கத்தில் பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். குஞ்சு இல்லாத வருடம், ஏழெட்டு வருடம் கழித்துப் பெண்மீன் இல்லாத வருடம்.

முதிர்ந்த மீன்களின் வயதைச் செதிலிலும் காதெலும்பிலும் உள்ள வளையங்களை எண்ணிக் கண்டுபிடிப்பார்கள். மரத்தை வெட்டினால் தெரியும் வளையம் போலத்தான். எத்தனை சாகிறது என்பதில்தான் தலைவலி. வணிக மீனவர்களின் பிடிப்பு எடை போடப்பட்டு ஏட்டில் ஏறிவிடும். தூண்டில் போடும் லட்சக்கணக்கான பேரை யார் எண்ணுவது? வீடுகளுக்கு அஞ்சலில் கேள்வித்தாள் அனுப்பி எத்தனை தடவை போனீர்கள் என்று கேட்பார்கள். படகுத்துறையில் நின்று, திரும்பி வருபவர்களிடம் என்ன பிடித்தீர்கள் என்று கேட்பார்கள். இரண்டையும் பெருக்குவார்கள். பிழை வரத்தான் செய்யும். அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பிழையின் அளவை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

படி 4: அபாயக் கோட்டை முன்கூட்டியே கிழியுங்கள்

மீன் குறைந்த பிறகு "எவ்வளவு குறைந்தால் ஆபத்து?" என்று கூட்டம் போட்டால் சண்டைதான் மிஞ்சும். கோடு முதலிலேயே இருக்க வேண்டும்.

இந்த மீனுக்கு 1995-ஆம் ஆண்டு இருந்த முதிர்ந்த பெண்மீன்களின் மொத்த எடைதான் கீழ்க்கோடு. ஏன் 1995? அந்த வருடம்தான் "மீன் மீண்டுவிட்டது" என்று அறிவித்தார்கள். அதற்கு மேல் 25 சதவீதம் கூடுதலாக வைத்தால் அதுதான் இலக்கு. 2017-ஆம் ஆண்டுக்கான கணக்கில் கீழ்க்கோடு 20 கோடி பவுண்டுக்குச் சற்று மேல், இருந்தது 15 கோடி சொச்சம். கோட்டுக்குக் கீழே போயாயிற்று என்று தெரிந்ததும், 2029-க்குள் இலக்குக்கு மீட்க வேண்டும் என்ற கெடு தானாகவே ஓடத் தொடங்கியது.

கோடு இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1973-இல் வணிகப் பிடிப்பு ஏறக்குறைய 1.5 கோடி பவுண்டு. பத்தே வருடத்தில், 1983-இல், அது 35 லட்சம். குஞ்சுக் கணக்கு வருடா வருடம் கீழே போய்க்கொண்டிருந்தது. அந்த எண் எந்த நடவடிக்கையையும் தூண்டவில்லை, ஏனென்றால் எந்த எண்ணில் எதைச் செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

படி 5: அளவைத் தீர்மானியுங்கள்

1985-இல் போட்ட விதியை நான் பாடம் நடத்துவதாக இருந்தால் முதல் வகுப்பிலேயே சொல்வேன். 1982-இல் ஓரளவு நல்ல குஞ்சு விளைச்சல். அந்தக் குஞ்சுகளைக் காப்பாற்றுவதுதான் விதியின் ஒரே குறி. அவற்றிலும் அதற்குப் பின் பிறந்தவற்றிலும் 95 சதவீதப் பெண்மீன்கள் குறைந்தது ஒரு தடவை முட்டையிடும் வரை தொடக்கூடாது என்று எழுதினார்கள். மீன் வளர வளர மாநிலங்கள் குறைந்தபட்ச அளவை ஒவ்வொரு வருடமும் உயர்த்தின. விதி மீனுக்கு ஒரு அடி முன்னால் போனது. மேரிலாந்து அதையும் தாண்டி 1985 ஜனவரியில் பிடிப்பையே நிறுத்திவிட்டது. டெலவேரும் நிறுத்தியது. பின்னால் வர்ஜீனியாவும்.

எப்போது திறப்பது என்பதையும் அப்போதே எழுதினார்கள்: குஞ்சுக் கணக்கின் மூன்று வருடச் சராசரி 8-ஐத் தாண்ட வேண்டும். 1989-இல் தாண்டியது. 1990-இல் திறந்தார்கள், மிகக் குறைந்த அளவில். ஐந்து வருடம் வலையை மடித்து வைத்த விரிகுடா மீனவக் குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்பது கடற்கரை ஊரில் வளர்ந்த எவருக்கும் புரியும். அந்தத் தியாகத்தின் மேல்தான் இன்றைய மீன் நீந்துகிறது.

சரி, இன்றைக்கு அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது? மூன்று வழி உண்டு.

கீழ் வரம்பு மட்டும் வைக்கலாம். 1995-க்குப் பிறகு கடலில் 28 அங்குலத்துக்கு மேல் இரண்டு மீன் என்றிருந்தது. இதன் குறை, பெரிய தாய்மீன்கள் எல்லாம் வேட்டைக்குத் திறந்து கிடப்பது.

கீழும் மேலும் வைக்கலாம். 2020-இல் கடலுக்கு 28-லிருந்து 35 அங்குலத்துக்குள் ஒரே ஒரு மீன் என்றார்கள். பெரிய பெண்மீன்கள் தப்பின. ஆனால் இரண்டு வரம்புக்கும் நடுவே திறந்திருக்கும் இந்தச் சன்னலுக்குள் ஒரு நல்ல வருடத்துக் குஞ்சுகள் மொத்தமாக நுழைந்துவிட்டால் அவ்வளவும் அந்தச் சன்னலிலேயே மாட்டிக்கொள்ளும். 2022-இல் அதுதான் நடந்தது. 2015-இல் பிறந்த அந்த அருமையான கூட்டம் ஏழு வயதாகி 28 அங்குலத்தைத் தாண்டியது. தூண்டில் பிடிப்பு முந்தின வருடத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2023 மே மாதம் அவசர ஆணையாக மேல் வரம்பை 31-க்கு இறக்கினார்கள். விதி மாறவில்லை, மீன் வளர்ந்தது, அவ்வளவுதான். எனவே எந்த வருடத்துக் கூட்டம் எந்த அங்குலத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் சன்னல் வைக்காதீர்கள்.

மூன்றாவது, மேலே சொன்ன 1985 முறை.

இப்போது கடலில் 28 முதல் 31, விரிகுடாவில் 19 முதல் 24, நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒரு மீன். இது 2024-இல் வந்தது. என் பலகையில் கால் அங்குலம் குறைந்த மீனின் கதை இங்கேதான் தொடங்கியது.

படி 6: எண்ணிக்கையைத் தீர்மானியுங்கள்

வணிகத்துக்கு ஒதுக்கீடு எளிது: மாநிலத்துக்கு இத்தனை பவுண்டு, மீறினால் அடுத்த வருடம் கழிக்கப்படும். தூண்டிலுக்கு நாளொன்றுக்கு இத்தனை என்றுதான் வைக்க முடியும். இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்தால் பிடிப்பு பாதியாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளில் இரண்டாவது மீன் கிடைப்பதே இல்லை. துறைமுகக் கணக்கில் எத்தனை பேர் உண்மையில் இரண்டு கொண்டு வந்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். ஆட்கள் கூடிக்கொண்டே போனால் ஒருவருக்கு ஒன்று என்பதும் மொத்தத்தில் பெருகும். மொத்த எண்ணிக்கைக்குக் கூரை போடுவது பருவம்தான். எத்தனை நாள் திறந்திருக்கிறது என்பதையும் விதிக்குள் கொண்டு வாருங்கள்.

படி 7: விட்ட மீனையும் எண்ணுங்கள்

இந்தப் படிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

திரும்ப விட்ட மீன் பிழைத்துவிட்டது என்று நாம் நம்புகிறோம். ஸ்ட்ரைப்ட் பாஸில் விட்டவற்றுள் 9 சதவீதம் சாகும் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். சின்ன எண் மாதிரி தெரியும். 2017-இல் தூண்டில்காரர்கள் விட்ட மீன் 3 கோடியே 80 லட்சம். அதில் 9 சதவீதம் 34 லட்சம். அதே வருடம் அவர்கள் வீட்டுக்குக் கொண்டு போனது 29 லட்சம். அதாவது தின்றதைவிட விட்டதில் செத்தது அதிகம்! மொத்தச் சாவில் 48 சதவீதம் இப்படிப் போனது. வணிகப் பிடிப்பு வெறும் 8 சதவீதம்.

இதை ஒரு படகுக்குள் வைத்துப் பாருங்கள். கீழ் வரம்பை உயர்த்துகிறீர்கள். ஒரு மீன் எடுத்துப் போக இருபது மீனை விட வேண்டியிருக்கிறது. இருபதில் 9 சதவீதம் 1.8. ஆக ஒரு மீன் சட்டிக்கு வர 2.8 மீன் சாகிறது. அளவை இன்னும் உயர்த்தினால் விடும் மீன் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் அளவு விதி மீனைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் கொல்லத் தொடங்கிவிடும்.

இதற்கு என்ன செய்யலாம்? இரை மாட்டிப் பிடித்தால் வட்டமான தூண்டில்முள் கட்டாயம் என்று 2021-இல் விதி வந்தது. சாதாரண முள்ளை மீன் விழுங்கினால் தொண்டையிலும் வயிற்றிலும் குத்தும். வட்ட முள் வாயோரத்தில் சிக்கும், கழற்றவும் எளிது. அப்புறம் வெப்பம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. இழுபட்டுக் களைத்த மீன் மீளாது. அதனால் மேரிலாந்து 2025 வரை, ஜூலை 16 முதல் 31 வரையிலான நாட்களில் இந்த மீனைக் குறிவைப்பதையே தடை செய்து வந்தது, விடுவதற்காகப் பிடித்தாலும் சரி. மற்ற கோடை நாட்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கொடி அறிவிப்பு. வெயில் 90 பாரன்ஹீட்டைத் தாண்டும் மஞ்சள் நாட்களில் காலை 10 மணிக்குள் முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். நாங்கள் அன்றைக்கு விடிகாலையில் போனது அதனால்தான்.

நம் கடலுக்கு வரும்போது இந்தப் படி வேறு உருவம் எடுக்கும். கேரளம் 2015 முதல் பல இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. சாளைக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14. ஆனால் வளைத்துப் பிடிக்கும் வலையில் சாளை செத்துத்தான் மேலே வரும். அதைத் திரும்பக் கொட்டினால் யாருக்கும் பயனில்லை. அங்கே அளவு விதி வேலை செய்ய வேண்டியது வலை தண்ணீரில் இறங்குவதற்கு முன்: கண்ணியின் அளவிலும், குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்ததும் விலகிப் போவதிலும். சிங்கி இறால் அப்படியில்லை. அது உயிரோடு வரும், உயிரோடு திரும்பும். 2003-இல் மத்திய அரசு ஏற்றுமதிக்கு இனத்தைப் பொறுத்து 150 முதல் 500 கிராம் வரை குறைந்தபட்ச எடை வைத்தது. அந்த மாதிரி உயிருக்குத்தான் அளவு விதி முழுப் பலன் தரும். உங்கள் மீன் சாளை ரகமா, சிங்கி ரகமா என்று முதலில் கேளுங்கள்.

படி 8: எழுதும் முன் கரைக்குப் போங்கள்

வரைவை வெளியிட்டு, ஒவ்வொரு மாநிலத்திலும் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பார்கள். "ஒன்றுமே செய்யாமல் இருப்பது" என்பதையும் ஒரு தெரிவாகப் போட்டு, ஒவ்வொரு தெரிவாலும் எத்தனை சதவீதம் சாவு குறையும் என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். நான் உட்கார்ந்து கேட்ட ஒரு கூட்டத்தில் வாடகைப் படகு ஓட்டுபவர் ஒருவர் எழுந்து, வசந்தத்தில் இரண்டு வாரம் மூடினால் தன் வருட வருமானத்தில் எவ்வளவு போகும் என்று தாளைப் பார்த்து வாசித்தார். மேடையில் இருந்தவர் அதை எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எண்ணோடு வந்த குறை எண்ணோடு பதிவாகிறது. நம் சங்கங்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: நாள் கணக்கு, டீசல் கணக்கு, பிடிப்புக் கணக்கு எழுதி வையுங்கள்.

மாநிலங்கள் "எங்கள் வழியில் அதே பலனைத் தருகிறோம்" என்று கேட்பதும் உண்டு. 2020-இல் நியூ ஜெர்சி மேல் வரம்பை 38 அங்குலமாக வைத்துக்கொண்டது. அபாயக் கோட்டுக்குக் கீழே இருக்கும் மீனுக்கு இந்தச் சலுகையை 2022-இல் இறுக்கிவிட்டார்கள். அது சரியான முடிவு என்பது என் கருத்து.

படி 9: ஆளும் அடையாளமும்

2011 குளிர்காலத்தில் மேரிலாந்தில் தண்ணீருக்குள் மறைத்து வைத்திருந்த திருட்டு வலைகளில் 10 டன்னுக்கு மேல் மீன் சிக்கியது. அதன் பிறகு வணிகத்துக்குப் பிடிக்கும் ஒவ்வொரு மீனிலும் எண்ணிட்ட பட்டை கட்டாயமானது. பட்டையை ஒதுக்கீட்டுக்கு ஏற்றபடி எண்ணித்தான் கொடுப்பார்கள். பட்டை தீர்ந்தால் பிடிப்பு தீர்ந்தது. தூண்டில்காரருக்கு விதி ஒரே வரியில் இருக்க வேண்டும், படகில் ஈரக்கையோடு நிற்பவருக்குப் புரிய வேண்டும். வால் நுனியைச் சேர்த்துப் பிடித்து அளப்பதா, விரித்தா என்பதைக்கூடப் படம் போட்டுச் சொல்லுங்கள். என் கால் அங்குலம் போல, அந்த இடத்தில்தான் தகராறு வரும்.

படி 10: எப்போது திருத்துவது என்று இப்போதே எழுதுங்கள்

விதியோடு சேர்த்தே அதன் அடுத்த ஆய்வுத் தேதியையும், எந்த எண் வந்தால் தானாகக் கை வைக்க வேண்டும் என்பதையும் அச்சிடுங்கள். குஞ்சுக் கணக்கு தொடர்ந்து மூன்று வருடம் விழுந்தால் என்ன, சாவு விகிதம் கோட்டைத் தாண்டினால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில்.

2019 முதல் மேரிலாந்தின் குஞ்சுக் கணக்கு ஒரு வருடம்கூட சராசரியைத் தொடவில்லை. 2024-இல் 2.0, 2025-இல் 4.0. இப்போது சன்னலுக்குள் இருக்கும் மீன்களுக்குப் பின்னால் வரும் வரிசை மெலிந்து கிடக்கிறது. அடுத்த கோடையிலும் அந்த 22 இடங்களில் வலை இறங்கும். 132 இழுப்புக்குப் பிறகு ஒரு எண் வரும். உங்கள் கரையிலும் அப்படி ஓர் எண் வேண்டுமென்றால், விதியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த வருடமே ஒரு கரைவலையும், ஒரு நோட்டுப் புத்தகமும், மாறாத சில இடங்களும் பார்த்து வையுங்கள்.